"மூன்று மாதம் மட்டும் நிறுத்திவை" என்றவர்களுக்கு

சென்ற வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு வளைகாப்பு. கை கழுவப் போன இடத்தில் ஒரு அம்மா இன்னொருவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள் பிள்ளை பெறலாமா? மருந்தே குழந்தையைக் கெடுத்துவிடுமே."

இதே வார்த்தையை மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலேயே கேட்டேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கர்ப்பம் உறுதியானதும் கிளினிக்கில் எடுத்த முதல் இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. யாரால் வந்தது என்று கேட்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம்.

மருந்து அன்றைக்கே தொடங்கியது. பெரியம்மா ஒருவர், "குழந்தைக்கு உறுப்பு வளரும் நேரம், மூன்று மாதம் மட்டும் நிறுத்திவை" என்றார். அன்பில்தான் சொன்னார், அதுதான் ஆபத்து. ஐந்து நாள் மாத்திரைகள் மைலோ டின்னுக்குள் அப்படியே கிடந்ததை நான்தான் பார்த்தேன்.

அந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அவள் சாப்பிட்ட டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து பற்றி 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது: கருத்தரிக்கும்போதே அதை உட்கொண்டிருந்த தாய்மார்களின் குழந்தைகளில் முதுகுத்தண்டுக் குறைபாடு சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது என்று. ஆராய்ச்சியாளர்கள் மறைக்கவில்லை, தொடர்ந்து எண்ணினார்கள். பிரசவங்களின் எண்ணிக்கை கூடக்கூட அந்த வேறுபாடு சுருங்கி, பின்னர் மறைந்தே போனது. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் உட்பட அனைவருக்கும் அதையே முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்தது. முதல் செய்தி வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. இரண்டாவதை யாரும் அனுப்புவதில்லை.

பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. சில பழைய மருந்துச் சேர்க்கைகளில் குறைப்பிரசவம் சற்று அதிகம். பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் சிடோவுடின் மருந்து இரத்தச் சோகையை உண்டாக்கலாம், அதனால்தான் இரத்தம் பார்க்கிறார்கள். ஆனால் தராசின் மறுதட்டைப் பாருங்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் வழியாக 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். மருந்தால் தாயின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், பிரசவத்தில் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. 1998 முதல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவரும் மலேசியாவுக்கு, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல். இதைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பேச்சும் இல்லை.

உண்மையில் கவனிக்க வேண்டிய ஒன்றை யாருமே அவளிடம் சொல்லவில்லை, மருந்தாளர்தான் சொன்னார். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இந்த மருந்தோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் எச்.ஐ.வி. மாத்திரை இரண்டு மணி நேரம் முன்பு, அல்லது ஆறு மணி நேரம் கழித்து. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சிவப்பு மையால் நேரங்களை எழுதி ஒட்டினோம். வருகிறவர்களிடம் "சத்து மாத்திரை" என்று சமாளித்தோம்.

பிள்ளை பிறந்தபின் வேறு தொல்லை. மருத்துவர் பால்மாவே கொடுக்கச் சொல்லியிருந்தார். பார்க்க வந்த ஒவ்வொருவரும் "ஏன் தாய்ப்பால் இல்லை?" என்று கேட்டார்கள். "சுரக்கவில்லை" என்று ஒவ்வொருவரிடமும் பொய் சொன்னாள், மார்பு கட்டிக்கொண்டு வலித்த நாள்களிலும்.

கிருமியை எதிர்க்கத் தாயின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் பல மாதம் தங்கிப் பரிசோதனையைக் குழப்பும் என்பதால், கடைசிப் பரிசோதனைக்குப் பதினெட்டு மாதம் காத்திருந்தோம். தொற்று இல்லை என்று வந்தது. பையனுக்கு இப்போது இரண்டரை வயது. அந்த மைலோ டின்னைத் தட்டிக்கொண்டுதான் விளையாடுகிறான்.