கடலுக்கு அடியில சுவர் கட்டின ஊர்ல ஒரு ஸ்பீட்போட்டை மெதுவாப் போகச் சொல்ல ஆளில்லை

மத்தியானம் மூணு மணிக்கு மேல எங்க படகுல யாரும் அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கேன். காஸ் தீரல, அரிசி பருப்பெல்லாம் இருக்கு. காலையில ரொசாரியோ தீவுகளுக்கும் பாரு கடற்கரைக்கும் சுற்றுலாக்காரங்களை அள்ளிக்கிட்டுப் போன ஸ்பீட்போட்டுங்க எல்லாம் அந்த நேரத்துலதான் கொலம்பியாவோட கடற்கரை ஊரான கார்த்தஹேனாவுக்குத் திரும்புது. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ரெண்டு மூணு எஞ்சின். நாங்க நங்கூரம் போட்டிருக்கிறது மங்கா தீவு ஓரமா, உள் வளைகுடாவுல. சுத்தி எங்களை மாதிரியே பாய்மரப் படகுங்க, குடும்பம் குடும்பமா. வர்றவன் ஒதுங்கிப் போறானான்னா, இல்லை. ரெண்டு படகுக்கு நடுவுல புகுந்து போறான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அலை வருது, சரியாப் பக்கவாட்டுல. படகு இந்தப் பக்கம் ஒரு சாய், அந்தப் பக்கம் ஒரு சாய், உள்ள இருக்கிற பாத்திரம் பண்டம் எல்லாம் தரையில.

அதுல கொடுமை என்னன்னா, போட்டுல இருக்கிறவங்க எங்களைப் பார்த்துக் கையாட்டுறாங்க! ஃபோனை நீட்டி வீடியோ வேற. நாங்க ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால சாம்பாரைப் பிடிச்சுக்கிட்டு, எந்தக் கையால திருப்பி ஆட்டுறதாம்?

"படகுன்னா ஆடத்தானே செய்யும்"னு சொல்ற மேதாவிகளுக்கு ஒண்ணு சொல்லிடறேன். சாந்தா மார்த்தாவுல கிளம்பி மேற்கே வர்ற வழியில மக்தலேனா ஆறு கடல்ல கலக்குற முகத்துவாரத்தைத் தாண்டணும். தண்ணி சேறு நிறத்துல இருக்கும், மரக்கட்டை மிதந்து வரும், காத்தும் நீரோட்டமும் எதிரெதிரா மோதி அலை கண்டபடி எழும்பும். அந்த இடத்துல நான் ரசம் வெச்சேன். ஒரு சொட்டு சிந்தல. பாய்மரப் படகுல அடுப்பை ரெண்டு பக்கமும் அச்சுல மாட்டித் தொங்க விட்டிருப்பாங்க. படகு சாய்ஞ்சாலும் அடுப்பு சமமா நிக்கும். கடலலைக்கு ஒரு தாளம் இருக்கு, அடுப்பு அதுக்கு ஈடு கொடுக்கும். ஸ்பீட்போட் அலைக்குத் தாளமும் கிடையாது, தலை வாலும் கிடையாது. பொட்டுனு வந்து அறையும். அடுப்பு ஒரு பக்கம், படகு ஒரு பக்கம், குக்கர் மூணாவது பக்கம். திறந்த கடல்ல கவிழாத குக்கர் ஊருக்கு நடுவுல, அமைதியான வளைகுடாவுல கவிழ்ந்துச்சு. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?

அதுவும் எந்த ஊர்ல நடக்குது பாருங்க. படகுல வர்றவனைத் தடுக்கிறதுக்குன்னே வாழ்ந்த ஊர் இது. 1533-ல ஸ்பானியர்கள் நிறுவினாங்க. 1586-ல இங்கிலாந்துக் கடலோடி ஃப்ரான்சிஸ் ட்ரேக் வந்து ஊரைப் பிடிச்சு உட்கார்ந்துக்கிட்டு, 1,07,000 டூகட் (அந்தக் காலத்து ஸ்பானியப் பணம்) வாங்கிக்கிட்டுத்தான் கிளம்பினான். 1697-ல பிரெஞ்சுக்காரங்க சூறையாடினாங்க. 1741-ல ஆங்கிலேய அட்மிரல் வெர்னன் நூத்தைம்பதுக்கும் மேல கப்பல்களோட வந்தார். ஒரு கால், ஒரு கண், ஒரு கை மட்டும் உருப்படியா இருந்த ஸ்பானியத் தளபதி பிளாஸ் தே லெசோவும் அவர் ஆளுங்களும் வெர்னனைத் திருப்பி அனுப்பினாங்க, மஞ்சள் காய்ச்சலும் பெரிய உதவி செஞ்சுது. இவ்வளவும் போதாதுன்னு 1770-கள்ல அந்தோனியோ தே அரேவலோங்கிற பொறியாளர், வளைகுடாவுக்குள்ள வர்ற போகாகிராந்தே நுழைவாயில்ல கடலுக்கு அடியிலேயே கல்லால சுவர் எழுப்பிட்டார். மேல இருந்து பார்த்தா வெறும் தண்ணி. வேகமா வர்ற கப்பல் அடிவயிறு கிழிஞ்சு உட்கார்ந்துடும்.

அந்தச் சுவர் இன்னிக்கும் அங்கேயே கிடக்கு. பெரிய கப்பலுக்கெல்லாம் இப்பவும் தெற்கே இருக்கிற போகாசிகா வழிதான். எங்களை மாதிரிச் சின்னப் படகுக்கு சுவர்ல ஒரு இடைவெளி, சிவப்பு பச்சை மிதவை போட்டு வெச்சிருக்காங்க. அந்த வழியாத்தான் நாங்க வந்தோம், ஊர்ந்து ஊர்ந்து. எங்க வீட்டுக்காரர் ஆழமானியை விட்டுக் கண்ணை எடுக்கல. அதே இடைவெளியில ஒருத்தன் எங்களை முந்திக்கிட்டு முழு வேகத்துல போனான். அரேவலோ இருந்திருந்தா அந்த இடைவெளியையும் அடைச்சிருப்பார், புண்ணியமாப் போயிருக்கும்.

விதி இல்லாமலா இருக்கு? 1972 சர்வதேச கடல் விதிகள்ல 6-வது விதியே அதுதான்: எந்தக் கலமும் எப்பவும் பாதுகாப்பான வேகத்துலதான் போகணும். நங்கூரம் போட்ட படகுங்க நடுவுல, பிள்ளைங்க ஏணியில இறங்கி நிக்கிற இடத்துல, எது பாதுகாப்பான வேகம்னு தெரிஞ்சுக்க பெரிய படிப்பு வேணுமா?

முழு வேகத்துல போறவனைக்கூட ஒரு வகையில மன்னிச்சுடலாம். படகு தண்ணிக்கு மேல எழும்பி வழுக்கிக்கிட்டுப் போகும்போது பின்னால வர்ற அலை ஓரளவு சின்னது. உண்மையான எமன் யாருன்னா, எங்களைப் பார்த்து 'ஐயோ பாவம்'னு வேகத்தைப் பாதியாக் குறைக்கிறானே, அவன்தான். பாதி வேகத்துல மூக்கு மேல தூக்கிக்கும், பின்பாகம் தண்ணிக்குள்ள அமுங்கும், கடலையே உழுதுக்கிட்டுப் போகும். இருக்கிறதுலேயே பெரிய அலை அப்பதான் கிளம்பும். மரியாதைன்னு நினைச்சு அவன் செய்யற காரியத்துல எங்க பாய்மரத்து உச்சி பக்கத்துப் படகு உச்சியோட மோதப் பார்க்குது. குறைக்கிறதுன்னா நடந்து போற வேகத்துக்குக் குறைடா அப்பா! இதை ஸ்பானிஷ்ல எப்படிக் கத்தறதுன்னு என் பொண்ணு கத்துக்கிட்டா. தினமும் கத்தறா. எஞ்சின் சத்தத்துல ஒருத்தன் காதுலயும் விழறதில்லை.

சோறு கொட்டினா மறுபடி வடிச்சுக்கலாம். அத்தைக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. ரப்பர் படகுல இருந்து துறைப் பலகைக்கு ஏறணும். ஒரு கால் பலகையில, ஒரு கால் படகுல இருக்கிற அந்த நொடி பார்த்து அலை வந்துது. நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சிருந்ததால தப்பிச்சாங்க. கால் நடுவுல மாட்டியிருந்தா எலும்பு என்ன ஆகியிருக்கும்?

அடிப்பாகம் சுரண்ட வர்றவர் கதை இதைவிட மோசம். இந்த வளைகுடாவோட வெதுவெதுப்பான தண்ணியில கொட்டலசு (படகு அடியில ஒட்டிக்கிற, சிப்பி மாதிரி ஓடுள்ள உயிர்) வளர்ற வேகம் யாரும் நம்ப மாட்டீங்க. கொஞ்ச நாள் சும்மா கிடந்தாலே ப்ரொப்பெல்லர் சுத்தாது. மக்தலேனா ஆத்துச் சேறு 1650-ல வெட்டின திக்கே கால்வாய் வழியா இங்க வந்து கொட்டுறதால, தண்ணிக்குள்ள கை தூரத்துக்கு மேல கண்ணு தெரியாது. அந்தக் கலங்கல்ல ஒரு மனுஷன் எங்க படகுக்குக் கீழ மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சுரண்டுறார். கீழ ஆள் இருக்குன்னு நீலமும் வெள்ளையுமாக் கொடி கட்டியிருக்கோம். கொடியைச் சுத்தி வளைஞ்சு, பக்கத்துலயே போறான் ஒருத்தன். டன் கணக்கு எடையுள்ள எங்க படகு அவர் தலைக்கு மேல ஏறி இறங்குது. வெளியே வந்தவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சார், பழகிப்போச்சாம். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். சுவருக்குள்ள இருக்கிற தெருவுல எல்லாம் காகிதப்பூ வழியுது. அடிமைக் கப்பல்ல வந்தவங்களுக்குத் தொண்டு செஞ்ச பேத்ரோ கிளாவெர் பேர்ல இருக்கிற கோயில்ல அத்தை ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. பிள்ளைங்களுக்கு சான் ஃபெலிப்பே கோட்டைச் சுரங்கத்துல இருந்து வெளியே வரவே மனசில்லை. கோட்டை மேல வரிசையா பீரங்கி. அத்தை ஒண்ணு ஒண்ணாத் தடவிப் பார்த்துட்டு வந்து, "ஏம்மா, இதுல ஒண்ணாவது இன்னும் வேலை செய்யுதா, கேட்டுச் சொல்லு"ன்னாங்க. அவங்க விளையாட்டுக்குக் கேக்கலைங்கிறது எனக்குத் தெரியும்.

இப்ப சில பேர், "அவ்வளவு கஷ்டம்னா மரினாவுல, அதான் காசு கொடுத்துப் படகு கட்டுற துறையில, இடம் எடுத்துக் கட்டிக்க வேண்டியதுதானே"ம்பீங்க. கேட்டாச்சு. சீசன்ல இடம் காலியில்லை. அங்க கட்டியிருக்கிறவங்க மட்டும் சுகமா இருக்காங்களா? அலை அங்கேயும் போகுது. பக்கத்துல இருந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம் காசு கொடுத்து உள்ள போய்க் கட்டிக்கிட்டாங்க. கயிறு உரசி உரசி ஒரு சாயங்காலம் அறுந்து, படகு பலகையில இடிச்சு, பெயின்ட் ஒரு முழத்துக்குப் போச்சு. அன்னிக்கும் அந்த போட்டுல இருந்தவங்க கையாட்டிக்கிட்டேதான் போனாங்களாம்.