அஞ்சலி போஸ்டரில் விடுபடும் பெயர்

ஊரில் ஒரு மிலிட்டரிக்காரர் காலமானால் மறுநாள் விடிவதற்குள் சுவரெல்லாம் போஸ்டர் ஏறிவிடும். வாலிபத்தில் யூனிஃபார்மோடு எடுத்த படம், பெயருக்கு முன்னால் ஹவில்தார் என்றோ சுபேதார் என்றோ பதவி, தோற்றம், மறைவு. கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர்கள். அறுபதை நெருங்கும்போது அவர் கைப்பிடித்த இரண்டாவது மனைவி ஒருவர் இருந்தால், அந்தப் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. கேட்டால் "அதெல்லாம் எதுக்குப் போடணும்" என்பார்கள். பத்துப் பதினைந்து வருஷம் அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவரைப் பற்றிய பேச்சு அந்த "அதெல்லாம்" என்ற சொல்லோடு முடிந்துவிடும்.

இது பெரிய அநியாயம். மற்ற உத்தியோகக்காரர்களின் மறுமணத்தைவிட பட்டாளத்துக்காரரின் மறுமணத்தில் இந்த அநியாயம் ஏன் கூடுதலாக வலிக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. ஒரு நாள்கூடக் குறையாமல் கிடைத்தால் மூன்று மாதம். 17 வருஷம் சர்வீஸ் போட்டவர் வீட்டில் இருந்த நாளையெல்லாம் கூட்டினால் நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். எல்லைப் பகுதியில் போஸ்டிங் என்றால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. குடும்பத்தோடு இருக்க அனுமதி உள்ள பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைக்கவும் முறை வர வேண்டும். முதல் மனைவியோடு அவர் நடத்திய குடித்தனம் பெரும்பாலும் இன்லேண்டு லெட்டரில் நடந்தது. பிரசவத்துக்கு அவர் இல்லை, மாமனார் சாவுக்கு இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரியில் இல்லை. அத்தனையையும் தனியாளாகச் சுமந்தவர் அந்த அம்மா. நாற்பதை ஒட்டி ரிலீஸ் ஆகி வந்தார் என்றாலும் சும்மா உட்கார முடியாது. ஏதாவது ஒரு வங்கி வாசலிலோ மில் கேட்டிலோ பன்னிரண்டு மணி நேர செக்யூரிட்டி டியூட்டி. பிள்ளைகளைக் கரைசேர்த்து முடித்த நேரத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணம் நடந்தால், பல பட்டாளத்தாருக்கு வருஷத்தின் 365 நாளும் மனைவியோடு ஒரே வீட்டில் வாழ்வது அதுதான் முதல் தடவை. இதைப் புரிந்துகொள்ளாமல் "கடைசி காலத்துல கஞ்சி ஊத்த ஒரு ஆள் வேணும்ல" என்று முடித்துவிடுகிறார்கள். கஞ்சி ஊற்ற ஆள் தேடுகிறவர் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்வார். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாவது சாதாரணமாக நடப்பது, சிலருக்கு ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். திண்ணையில் அவர் பக்கத்தில் உட்காரும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் சத்தம் போடாமல் பேசலாம் என்று அந்த இரண்டாவது மனைவிக்குத் தெரியும். பந்தியிலும் பஸ்ஸிலும் யோசிக்காமலே அந்தப் பக்கம் போய் உட்காருவார். லீவில் வந்த அப்பாவை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு எந்தக் காது என்பதே தெரியாது. இதை அன்பு என்று சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

முதல் மனைவியின் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் எழுதச் சொல்கிறேன். இரண்டு பேரையும் எழுதினால்தான் அந்த மனிதரின் வாழ்க்கை முழுசாக வரும்.

எழுத உட்காருகிறவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது, பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக். சர்வீஸ் நம்பர், சேர்ந்த தேதி, ரிலீஸ் ஆன தேதி, டிரேடு, பதவி, பெற்ற பதக்கங்கள், நன்னடத்தை மதிப்பீடு எல்லாம் அதில் இருக்கும். "சைனா பார்டர்ல இருந்தார்" என்று பொதுவாக எழுதுவதைவிட அதிலிருந்து ஒரு வரி எழுதினால் போதும். அடுத்தது பதக்கங்கள். வட்டப் பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சர்வீஸ் நம்பரும் பதவியும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருப்பது தெரியும். நட்சத்திர வடிவம் என்றால் பின்பக்கம் பாருங்கள். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தேயத் தேய முதலில் போவது அந்த எழுத்துதான். பதக்கமே அவர் போன இடத்தைச் சொல்லும். சமர் சேவா ஸ்டார் என்றால் 1965 போர். பூர்வி ஸ்டார் 1971-ல் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் அதே ஆண்டு மேற்கு முனை. சைன்ய சேவா மெடலின் ரிப்பன்மேல் குறுக்கே ஒரு உலோகப் பட்டை இருந்தால் அதில் பகுதியின் பெயர் இருக்கும். ஆபரேஷன் விஜய் என்றால் 1999, கார்கில் சமயம்.

கடிதங்களை வைத்து ஊர் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஊர்ப் பெயர் இல்லாமல் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண்தான் முகவரியாக இருக்கும். எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது என்பது விதி. தபால் முத்திரையில் களத் தபால் நிலைய எண் மட்டும் விழுந்திருக்கும். தேதியையும் அந்த எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு, அவருடைய யூனிட் அந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று பழைய சகாக்களிடம் கேட்பதுதான் வழி. டிஸ்சார்ஜ் புக்கில் விளங்காத விஷயம் இருந்தால், அவருடைய சர்வீஸ் ஏடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். சர்வீஸ் நம்பர் இல்லாமல் எழுதினால் பதில் வராது.

இதற்கெல்லாம் மேலான சாட்சி அந்த இரண்டாவது மனைவி. பிள்ளைகளுக்குச் சொல்லாததை எல்லாம் வயதான காலத்தில் அவரிடம்தான் சொல்லியிருப்பார். கூடவே இருந்து செத்துப்போன சிநேகிதனின் பெயர், பனியில் மரத்துப்போன கால்விரல், எந்தப் பண்டிகை வந்தால் பேசாமல் உட்கார்ந்துவிடுவார், தூக்கத்தில் எந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பதறி எழுவார், எல்லாம் அவருக்குத் தெரியும். காரியம் முடிந்த கையோடு கேட்காதீர்கள். ஒரு மாதம் போகட்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கொடுங்கள். "அப்பா எப்படி இருந்தார் சித்தி" என்று கேட்டால் "நல்லா இருந்தார்" என்ற பதில்தான் வரும். ஒரு பழைய கம்பளியைக் கையில் கொடுத்துக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது காகித விஷயத்துக்கு வருகிறேன். போஸ்டரில் பெயர் விட்டால் மனசு நோகும். பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவில் பெயர் விட்டால் சோறு போய்விடும்.

ஓய்வு பெற்ற பிறகு செய்துகொண்ட கல்யாணத்துக்குக் குடும்ப பென்ஷன் கிடையாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். 1989-ல் பகவந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. உரிமை உண்டு, ஆனால் பதிவு வேண்டும். பதியாமல் பெரியவர் போய்விட்டால் அந்த அம்மா எழுபது வயதில் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி, தான் மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டும். எதிர்க்கட்சியாக மகன்களே நிற்பார்கள். உயிரோடு இருக்கும்போது அவர் செய்திருந்தால் சில மாதத்து வேலை.

முதல் தடை, முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ். கிராமத்தில் நடந்த பழைய சாவு பல நேரம் பதிவாகியிருக்காது. ஓராண்டு கடந்துவிட்டால் நேராகப் பதிய மாட்டார்கள், வருவாய்க் கோட்டாட்சியர் வரை போக வேண்டியிருக்கும். இது கையில் வராமல் ரெக்கார்டு ஆபீஸ் ஒரு அடி நகராது. ஏனென்றால் அவர்கள் ஏட்டில் முதல் மனைவி இன்னும் உயிரோடு இருக்கிறார்.

இரண்டாவது, திருமணப் பதிவு. கோயில் ரசீதும் போட்டோவும் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதையும் விட்டவர்கள் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதியலாம்.

இந்த இரண்டோடு டிஸ்சார்ஜ் புக் நகல், பி.பி.ஓ. நகல், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, ஆதார், பான், ஜாயிண்ட் அக்கவுண்ட் பாஸ்புக்கின் முதல் பக்கம், உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் சேர்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் வழியாக விண்ணப்பம் ரெக்கார்டு ஆபீசுக்குப் போகும். அங்கே அவர் சர்வீஸ் ஏட்டில் கல்யாணத்தைப் பதிகிற பார்ட் டூ ஆர்டர் ஆன பிறகுதான் பென்ஷன் ஆவணத்தில் பெயர் ஏறும். ஏறியதா என்று ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் அவர் கணக்கைத் திறந்து குடும்ப விவரத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். "அனுப்பியாச்சு" என்ற வாய்ச்சொல்லை நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

அதிகமாகச் சிக்குவது பெயர் எழுத்தில். ஆதாரில் மகாலட்சுமி, பாஸ்புக்கில் லட்சுமி, திருமணச் சான்றிதழில் இனிஷியல் அப்பா பெயரில், பானில் புருஷன் பெயரில். நாலும் ஒரே மாதிரி ஆகும்வரை விண்ணப்பிக்காதீர்கள், திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். கையோடு முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையிலும், இன்ஷூரன்ஸ் நாமினி இடத்திலும் பெயரை மாற்றிவிடுங்கள். நாமினியாக இறந்துபோன முதல் மனைவி பெயரே கிடப்பதுதான் பல வீடுகளில் நிலைமை.

முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழ்கிறார் என்றால் கதை வேறு. ஊர்ப் பெரியவர்கள் முத்திரைத்தாளில் எழுதித் தீர்த்துவிட்டதை ரெக்கார்டு ஆபீஸ் ஏற்காது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி அந்த இரண்டாவது கல்யாணமே செல்லாது, குடும்ப பென்ஷனும் வராது. நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு பிறகு தாலி கட்டுங்கள். ஒரு பெண்ணின் முதுமையைப் பணயம் வைத்துவிட்டு அதை அன்பு என்று சொல்லாதீர்கள்.

வரப்போகும் மனைவியும் விதவையாக இருந்து முதல் கணவரின் குடும்ப பென்ஷன் வாங்குகிறவர் என்றால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். மறுமணம் செய்தால் பொதுவாக அந்தப் பென்ஷன் நின்றுவிடும். குழந்தை இல்லாத விதவைக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு விலக்கு உண்டு. மறைத்து வாங்கினால் பிடித்தம் வரும். இந்தப் பயத்தில் பதியாமலே சேர்ந்து வாழ்கிறவர்கள் உண்டு, பெரியவர் போன பிறகு அவர் பென்ஷனில் அந்த அம்மாவுக்கு ஒரு காசு வராது.

எவ்வளவு வரும்? சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. பெரியவர் 67 வயதுக்கு முன்பே இறந்தால் 50 சதவீதம், ஏழு வருஷம் அல்லது அவருக்கு 67 நிறைந்திருக்கும் தேதி, எது முன்னால் வருகிறதோ அதுவரை. வாங்குகிற அம்மாவுக்கு 80 வயது ஆனால் 20 சதவீதம் கூடும். இது பிள்ளைகள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதல்ல. குடும்ப பென்ஷன் சொத்தில் சேராது, உயில் எழுதியும் மாற்ற முடியாது என்று 1991-ல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. சித்திக்குப் போகும் பென்ஷனைத் தடுப்பதால் மகனுக்கு ஒரு ரூபாய்கூட லாபமில்லை. இந்த ஒரு வரியைச் சொன்னாலே பல வீடுகளில் சண்டை பாதியாகக் குறையும்.

சாவு வீட்டில் தேசியக் கொடி போர்த்துவது பற்றியும் ஒரு வார்த்தை. அரசு மரியாதையோ ராணுவ மரியாதையோ இல்லாத இறுதிச் சடங்கில் வீட்டாரே கொடி வாங்கிப் போர்த்தக் கூடாது, 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். முறைப்படி போர்த்திய கொடியையும் எரிக்கவோ புதைக்கவோ கூடாது. அவருடைய ரெஜிமென்ட் தொப்பியையும் பதக்கங்களையும் தலைமாட்டில் வையுங்கள், அது போதும். எடுத்ததும் பத்திரமாக அந்த அம்மா கையில் கொடுங்கள்.

போஸ்டருக்கும் பத்திரிகை அறிவிப்புக்கும் எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு, இந்த அமைப்பில் எழுதிக்கொள்ளலாம்:

"முன்னாள் ஹவில்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட், 1969 முதல் 1986 வரை. 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர். அவர் எல்லையில் இருந்த வருஷங்களில் மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர், 2004-ல் மறைந்த மனைவி இன்னார். 2009 முதல் அவரோடு வாழ்ந்து, கடைசி நாள்வரை பக்கத்தில் இருந்தவர் மனைவி இன்னார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அவரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகவும்."