வயிற்றுக்குத்துக்குக் கஞ்சாவாம்

யாழ்ப்பாணத்து மாதகலில் கேரளக் கஞ்சா பிடிபட்டது, வடமராட்சிக் கரையில் பிடிபட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்தச் செய்திக்குக் கீழே கருத்து எழுதுகிற எல்லாருக்கும் ஒரே கவலைதான்: "பெடியள் கெட்டுப் போறாங்கள்." பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. அவர்களுடைய போனிலோ வேறு கதை ஓடுகிறது. மாதவிடாய் நோவுக்குக் கஞ்சா நல்லதாம், இயற்கை மருந்தாம், விக்டோரியா மகாராணியே எடுத்தாவாம்.

மகாராணி எடுத்ததற்கு ஆதாரம் இல்லை. அரண்மனை வைத்தியர் ரெனால்ட்ஸ் 1890 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் கஞ்சாவின் மருத்துவப் பயன்களை எழுதினார், அவ்வளவுதான். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அதன் நச்சு விளைவுகளும் இருக்கின்றன. ரீல்ஸ் போடுகிற ஆட்களுக்கு அந்தப் பாதி தேவைப்படவில்லை.

ஆனால் இந்தக் கதையை நம்புகிற பிள்ளையை நான் ஏசமாட்டேன். சாமத்தியவீட்டுக்கு ட்ரோன் கமராவரை பிடிக்கிறோம். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் தீத்தித் தீத்திக் கொடுக்கிறோம். அப்புறம் அதே பிள்ளை மாதாமாதம் சுருண்டு படுத்தால், "எல்லாருக்கும் வாறதுதானே, கலியாணம் கட்டினால் சரிவரும்" என்று ஒரு பனடோலோடு முடித்துவிடுகிறோம். கருப்பையின் உள்வரி போன்ற இழையம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகமுடியாத அளவு நோவு என்றால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமில்லை, டொக்டரிடம் காட்டவேண்டிய விஷயம்.

சாதாரண நோவுக்கும் மருந்து இருக்கிறது. கருப்பையை இறுக்குவது புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். மெபனமிக் அசிட், ஐபுப்ரோபன் போன்றவை அது சுரப்பதையே குறைக்கும். நோவு தொடங்கும்போதே சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகக் கேட்கும். காய்ச்சல் இருந்தால் மட்டும் தொடவேண்டாம், டெங்கு என்றால் ஆபத்து. அல்சர், ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

கஞ்சாவால் நோவு தணிந்தது என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கடலால் வந்த பொதிக்குள் எவ்வளவு வீரியம், என்ன கலப்பு என்று விற்கிறவனுக்கே தெரியாது. சித்த வைத்தியத்திலும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சுத்தி செய்து, அளவு பார்த்து, வேறு சரக்குகளோடு. பீடியில் சுருட்டி இழுப்பது சித்த வைத்தியமா?

கர்ப்பகாலத்தில் எனக்கு இரண்டு பேச்சில்லை. கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். எடை குறைந்த பிள்ளை, மாதம் முந்திய பேறு இரண்டும் பாவிப்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. மசக்கைச் சத்திக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெடுக எடுப்பவர்களுக்கு அடங்காத சத்தியைக் கொண்டுவருவதே கஞ்சாதான். டிஎச்சி கொழுப்பில் தங்கும். எடுத்து 6 நாள் வரை தாய்ப்பாலில் இருந்ததை 2018 இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே "பால் கொடுத்து முடிச்சிட்டு இரவிலை மட்டும்" என்ற கணக்கெல்லாம் சரிவராது. புருசன்மாரே, வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் அறைக்குள் நீங்கள் விடுகிற புகையையும் அவள்தான் இழுக்கிறாள்.

கிளினிக்கில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் பற்றிக் கேட்பதானால் மாமியாரையும் புருசனையும் வெளியே இருக்கவிட்டுக் கேளுங்கள். மருந்து கொடுக்கத்தான் கேட்கிறோம், பொலிசுக்குச் சொல்ல இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள்.