காலிக் கட்டத்துக்கு ஃபார்முலா கேட்கும் முதலாளிகளே!

"ஏதாவது ஒரு ஃபார்முலா போட்டு நிரப்பிவிடுங்கள் சார்." இந்த வாக்கியத்தை முதலில் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரிந்தால், நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்து கொடுக்கும் எனக்கு மாதாமாதம் இதே கூத்துதான். மாத வரிக் கணக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி. 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கடைசி நாள். 18ஆம் தேதி இரவு, கொள்முதல் பதிவேடு என்ற பெயரில் ஓர் எக்செல் கோப்பு வந்து விழும். விற்றவரின் ஜி.எஸ்.டி. எண் இருக்காது, பில் எண் இருக்காது, சில வரிகளில் தேதிகூட இருக்காது. தொகை மட்டும் பைசா சுத்தமாக இருக்கும். கொடுத்த காசு மறக்கவில்லை பாருங்கள்!

நீங்கள் கேட்கும் அந்த ஃபார்முலா, எக்செலின் விலுக்அப் (VLOOKUP), வேறோர் இடத்தில் இருப்பதைத் தேடி எடுத்து வரும், அவ்வளவுதான். அங்கேயும் இல்லையென்றால் #என்/ஏ (#N/A), அதாவது 'கிடைக்கவில்லை' என்று கையை விரித்துவிடும். அந்த நேர்மையும் நம்மவர்களுக்குப் பிடிப்பதில்லை. மேலே இஃப்எரர் (IFERROR) என்ற இன்னொரு ஃபார்முலாவைப் போட்டு, பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என்று வாயை அடைத்து அனுப்புகிறார்கள். பிழை கண்ணில் பட்டால் தேடலாம். பூஜ்யத்தை எவன் தேடுவான்? போதாக்குறைக்கு, ஃபார்முலாவின் கடைசியில் ஃபால்ஸ் போட மறந்துவிட்டால், அது தோராயமாகப் பொருத்தி, வேறு யாருடைய எண்ணையோ கூசாமல் எடுத்துக் கொடுக்கும்.

இதைவிடக் கொடுமை, காலிக் கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மேலே இருப்பதையே கீழே இறக்கும் வித்தை. மென்பொருளிலிருந்து எடுத்த அறிக்கையில், ஒரு பில்லின் முதல் வரியில் மட்டும் பெயர் இருக்கும். அதன் கீழே உள்ள காலிக்கு 'மேற்படி' என்று அர்த்தம். அங்கே இந்த வித்தை செல்லும். கையால் அடித்த பதிவேட்டில் காலிக்கு 'தெரியாது' என்று அர்த்தம். இரண்டும் திரையில் ஒரே வெள்ளைக் கட்டம்தான்! ஒரு பனியன் கம்பெனிக் கணக்கில் இப்படி இறக்கியதில், சாயப்பட்டறை பில்கள் வரிசையாக நூல் கடைக்காரர் தலையில் ஏறியிருந்தன. கூட்டுத்தொகை சரியாக இருக்கிறதே என்று முதலாளி என்னிடமே வாதாடினார். பெயரை மாற்றினால் கூட்டுத்தொகை எப்படி ஐயா மாறும்?

இன்னொரு கணக்கர் தம்பி, பாவம், கெட்டிக்காரர். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். ஆகவே பான் எண் தெரிந்தால் போதும் என்று 33, பான், முதல் பதிவு என்பதற்கு 1, பிறகு இசட் என்று ஒட்டி, கடைசிச் சரிபார்ப்பு எழுத்தையும் கணக்கிட்டு, எண்ணையே உற்பத்தி செய்துவிட்டார். அந்த நிறுவனம் இதே மாநிலத்தில் இரண்டாவது பதிவு வைத்திருந்தால்? பதிவே கேரளத்தில் இருந்தால்? பார்வைக்கு அசல் போலவே இருக்கும். சரிபார்ப்பு எழுத்துகூடப் பொருந்தும். வெறுமையாக விட்டிருந்தாலாவது எனக்குக் கண்ணில் பட்டிருக்கும்.

வரிக்கு முந்தைய மதிப்பு இல்லையா, மொத்தத்தை 118ஆல் வகுத்து 100ஆல் பெருக்கு என்பார்கள். ஒரே பில்லில் 5 சதவீதமும் 18 சதவீதமும் கலந்திருந்தால் அது எந்த ஊர்க் கணக்கு? தேதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் 04/03/2025 என்று அடித்தால், மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகி, பில் அடுத்த நிதியாண்டுக்கே குடிபோய்விடும்.

விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளமே தரும் பட்டியல்தான் 2பி. "2பியில் எல்லாம் வருகிறதே, அதிலிருந்து எடுக்கலாமே" என்று உடனே ஒருவர் வருவார். வருகிறது, 14ஆம் தேதியே வந்துவிடுகிறது. ஆனால் எதை வைத்துப் பொருத்துவது? உங்களிடம் எண்ணும் இல்லை, பில்லும் இல்லை, தொகை மட்டும்தான். வாராவாரம் அதே எடை நூல், அதே விலை, அதே தொகை. எது எந்தப் பில் என்று நான் ஜோசியம் பார்க்கவா? 2022 ஜனவரி முதல், விற்றவர் தம் கணக்கில் ஏற்றி அது 2பியில் தெரிந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை. உங்கள் பதிவேட்டின் பத்து வரி அதில் இல்லையென்றால், அவர் ஏற்றவில்லையா, நீங்கள் தப்பாக அடித்தீர்களா என்பது பில்லைப் பார்த்தால்தான் தெரியும். அறிவிப்பு வந்தால் அதிகாரியும் பில்லைத்தான் கேட்பார், ஃபார்முலாவை அல்ல.

நூல் கடைக்கு ஒரு போன் போட்டால் பில்லின் படம் இரண்டு நிமிடத்தில் கைபேசிக்கு வந்துவிடும். அதைக் கேட்க மட்டும் கடையில் ஒருவருக்கும் நேரமில்லை. சரி, வேண்டாம். பில் கோப்புகளை அப்படியே மூட்டை கட்டி என் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள், நானே ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துக்கொள்கிறேன். அதற்குத் தனிக் கட்டணம். தயவுசெய்து அதில் பேரம் பேசாதீர்கள்.