கடுக்காய் ஏறாத சேலைகள்

பாபநாசம் படித்துறையில் காலை வைத்தால் துணிதான் முதலில் காலைச் சுற்றுகிறது. திதி, பரிகாரம் என்று குளித்தவர்கள் உடுத்தியதை அப்படியே தாமிரபரணியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். போன வாரம் பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்ததை நின்று பார்த்தேன், பாதிக்கு மேல் பாலியெஸ்டர் சேலை. மனசு ஆறவே இல்லை.

பழைய துணியில் இயற்கைச் சாயம் ஏற்றிப் பையும் குர்த்தாவும் தைக்கிறவள் நான். என்னிடம் எல்லாரும் கேட்பது என்ன பூ, என்ன வேர், நிறம் நிற்குமா என்றுதான். அது என்ன துணி என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

பழைய நூல் வேட்டியைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, பசையும் பிசுக்கும் போனபிறகு சாயம் பிடிப்பதற்காகக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, காய்ந்ததும் படிகாரத் தண்ணீரில் முக்கி, அப்புறம் பதிமுகக் கட்டை வேகவைத்த நீரில் போட்டால் சிவப்பு கண் முன்னாலேயே ஏறும். பத்தமடைப் பாய்க் கோரைக்கு அந்தக் காலத்தில் ஏற்றிய சிவப்பும் இந்தக் கட்டையில் வந்ததுதான். அதே கடுக்காய்த் துணியை அன்னபேதி என்கிற இரும்பு உப்புக் கரைசலில் முக்கினால் கறுப்பை ஒட்டிய ஒரு சாம்பல் நிறம், எனக்கு அதுதான் உயிர் (அன்னபேதி கூடினால் துணி இற்றுவிடும், கவனம்). பாலியெஸ்டரில் இதெல்லாம் அலசும்போதே ஓடிவிடும். அதற்கென்று தனிச் சாயமும் 130 டிகிரி சூடும் வேண்டும், என் அண்டாவில் நடக்காது.

சாயக்கழிவுதானே ஆற்றைக் கெடுக்கிறது என்பார்கள். நொய்யலில் அது உண்மை, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனால் பாபநாசத்தில் மிதக்கிற சேலைக்கு எந்தச் சாயம் ஏற்றியிருந்தால் என்ன, அது மட்கப்போவதில்லையே. புதுத் துணியை மீட்டர் மீட்டராக வாங்கி மஞ்சள் சாயம் போட்டு 'இயற்கை உடை' என்று விற்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மஞ்சள் நாலு வெயிலுக்கு நிற்காது, வெளுத்ததும் அதுவும் கழிவில்தான் சேரும்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் தையல்கடை வைத்திருக்கிற அக்காமார், அண்ணாச்சிமார் வெட்டுத்துணியில் பருத்தியை மட்டும் தனிப் பையில் போட்டு வையுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருகி உருண்டையாக இறுகினால் பாலியெஸ்டர்.