கடையில் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு

புத்தகக் கடையில் நின்று, பிடித்த புத்தகத்தின் அட்டையை போனில் படம் எடுத்து, ஆன்லைனில் விலை குறைவா என்று பார்த்து, அங்கேயே ஆர்டர் போட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வருகிற பழக்கம் இப்போது ரொம்ப சாதாரணமாகிவிட்டது. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. அந்தப் புத்தகம் உங்கள் கண்ணில் பட்டதே அந்தக் கடைக்காரரால்தான். வந்து குவிகிற புத்தகங்களில் எதை எடுப்பது என்று யோசித்து, கைக்காசைப் போட்டு வரவழைத்து, வாடகை கொடுக்கிற இடத்தில் முகப்பு தெரிய வைத்தவர் அவர். அதற்கான கூலி, அட்டை விலையில் பதிப்பாளர் குறைத்துத் தருகிற கழிவு மட்டும்தான். வாடகை, கரண்ட் பில், சம்பளம் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

அமேசான் 1995இல் கடை விரித்தபோது விற்றது புத்தகங்களைத்தான். இன்று அதற்குப் புத்தகம் எத்தனையோ சரக்கில் ஒன்று; இதில் விட்டதை வேறொன்றில் பிடித்துக்கொள்ளும். புத்தகத்தை மட்டுமே நம்பியிருப்பவர் அந்த விலையோடு எப்படி மல்லுக்கட்டுவார்? பிரான்ஸ் இதை முன்பே யோசித்து, புதுப் புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக் கூடாது என்று 1981இலேயே சட்டம் போட்டுவிட்டது. பிரிட்டனில் நேர்மாறு. பதிப்பாளர் குறித்த விலைக்குக் கீழே கடைகள் விற்கக் கூடாது என்று அங்கே 1900 முதல் நடைமுறையில் இருந்த நிலையான விலை ஒப்பந்தம் 1990களில் ஒழிந்தது, நன்றாக விற்கிற நாவல்களை சூப்பர் மார்க்கெட்டுகள் அடிமாட்டு விலைக்குத் தள்ள ஆரம்பித்தன, அடுத்த இருபது வருடத்தில் சின்னக் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன.

கடை போனால் என்ன, புத்தகம்தான் கிடைக்கிறதே என்பார்கள். பெயர் தெரிந்த புத்தகம் கிடைக்கும், சரி. பெயரே தெரியாததை யார் காட்டுவார்கள்? நல்ல கடைக்காரரிடம் நாவல் வேண்டும் என்று கேட்டால், கடைசியாக எதைக் கீழே வைக்க முடியாமல் படித்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார். அப்புறம் அடித்தட்டிலிருந்து இரண்டு புத்தகம் உருவி, 'இதை முதலில் படிங்க, அது முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் மெதுவாப் போகும், அவசரமில்லாதப்ப எடுங்க' என்பார். 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று திரையில் வருவது ஏற்கனவே விற்றதைத்தான் திரும்பக் காட்டும். சிறு பதிப்பகத்தின் முதல் நாவல் அதில் எந்தக் காலத்தில் மேலே வரும்?

புத்தகக் கடைக்காரர்களின் துணிச்சலும் சாமானியமானதல்ல. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலை, ஆபாசம் என்று வழக்கு வருமோ என முழுப் புத்தகமாகப் போட மற்றவர்கள் பயந்தபோது, 1922இல் அதைப் பதிப்பித்தவர் பாரிஸில் சின்னப் புத்தகக் கடை நடத்திய சில்வியா பீச்.

காசை எண்ணிச் செலவழிக்கிற மாணவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் எங்கே மலிவோ அங்கே வாங்கட்டும், நூலகத்தில் எடுக்கட்டும். வசதி இருந்தும் சின்னத் தள்ளுபடிக்காகப் போனை எடுக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன்: கடையில் பார்த்ததைக் கடையிலேயே வாங்குங்கள். இல்லாத புத்தகம் என்றால் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள், பெரும்பாலும் சில நாளில் வரவழைத்துத் தருவார்கள். வந்ததும் மறக்காமல் போய் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்ட ஒற்றைப் பிரதியை அவர் வேறு யாரிடமும் விற்பது கஷ்டம்.