அவசரநிலை என்றால் அவசரநிலை என்றே சொல்லுங்கள்

நடுவானில் விமானி 'மேடே' என்ற ஆபத்து அழைப்பை அறிவித்தார் என்று செய்தி வந்தாலே நாம் பதறிப்போகிறோம். எனக்கு அப்படிப்பட்ட செய்தி நிம்மதியைத்தான் தருகிறது. கேட்க வேண்டிய உதவியை அந்த விமானி நேரத்தோடு கேட்டிருக்கிறார். கேட்கத் தயங்கியதால் போன உயிர்கள் ஏராளம்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 என்ற பயணிகள் விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. எரிபொருள் கரைந்துகொண்டே போனது. துணை விமானி கேட்டதோ வெறும் 'முன்னுரிமை'. தரையிறங்கும் முதல் முயற்சி தோற்று விமானம் மேலெழும்பியதும், அவசரநிலை என்று சொல்லும்படி கேப்டன் அவரிடம் சொல்கிறார். துணை விமானியோ, தரையிலிருந்து வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் கொடுத்த திசையை ஒப்புக்கொண்டு, மீண்டும் முயல்கிறோம் என்று சொல்லி, அதன் வாலில் "எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்பதையும் சேர்த்துவிடுகிறார். சொல்லிவிட்டாயா என்று கேப்டன் கேட்க, சொல்லிவிட்டேன் என்கிறார். 15 மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிவருமா என்று கட்டுப்பாட்டாளரே கேட்டபோதும், "சரிவரும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி" என்றுதான் பதில் போனது. சற்று நேரத்தில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த விமானம் தீப்பற்றவில்லை. பற்றுவதற்கு டேங்கில் எதுவும் மிச்சமில்லை.

அந்த 'மிக்க நன்றி'யைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கட்டுப்பாட்டாளர் ஒரே நேரத்தில் பல விமானங்களைக் கவனிப்பவர். இறங்க வரும் எல்லா விமானத்திலும் எரிபொருள் குறைந்துதான் இருக்கும். இதில் யாருக்கு உயிர்ப் பிரச்சினை என்பதைக் குரலின் நடுக்கத்தை வைத்து அவர் ஊகிக்க முடியாது. அதற்காகத்தான் உலகம் முழுவதற்கும் பொதுவான சொற்களை வைத்திருக்கிறார்கள். உயிராபத்து என்றால் மூன்று முறை 'மேடே'. அவசரம்தான், உடனடி ஆபத்தில்லை என்றால் 'பான் பான்'. அடுத்து, யார், என்ன நேர்ந்தது, என்ன செய்யப்போகிறோம். சுற்றி வளைக்க அங்கே இடமே இல்லை. மேடே சொன்ன பிறகு நிலைமை சரியாகிவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டதற்குப் பரிகாரம் கிடையாது.

இதற்காக விமானி பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் விமானத்தைப் பறக்க வை, பிறகு வழியைப் பார், அதற்கப்புறம் பேசு என்பதுதான் விமானிகளுக்குச் சொல்லித்தரும் வரிசை. 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் கேப்டன் சல்லன்பர்கர் பேசியதைப் பாருங்கள். பறவைகள் மோதின, இரண்டு இன்ஜின்களும் போய்விட்டன, திரும்புகிறோம். ஓடுபாதை தருகிறேன் என்றதற்கு, "முடியாது". கடைசியாக, ஹட்சனில் இறங்கப்போகிறோம். மறுபடி சொல்லுங்கள் என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார், பதில் வரவில்லை. அந்த மௌனம் முற்றிலும் சரி. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, விமானத்தைத் தண்ணீரில் இறக்கும் வேலைதான் பாக்கி. 155 பேரும் பிழைத்தார்கள்.

கட்டுப்பாட்டாளரோடு பேசும் வானொலியைவிட எனக்குக் கவலை தருவது விமானி அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள கதவுதான். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737இல் பழுதானது இடது இன்ஜின். விமானிகள் நிறுத்தியதோ வலது இன்ஜினை. வலது இன்ஜினில்தான் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் அறிவித்தபோது, இடப்பக்கம் தீப்பொறியைப் பார்த்திருந்த பயணிகள் குழம்பினார்கள். அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். பயணிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேப்டனைத் திருத்தலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் இன்ஜினை நிறுத்தும் விமானி, பின்னால் இருக்கும் ஊழியரை அழைத்து "எந்தப் பக்கம் என்ன தெரிகிறது?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? நேரம் அனுமதிக்கும் ஒவ்வொரு அவசரநிலையிலும் அந்தக் கேள்வி கட்டாயமாக வேண்டும்.